நாலு பேர்ச்சஸ் புல்

கோரையைக் கையால் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் மேலே தெரிகிற தாள் மட்டும் கையோடு வரும். கிழங்கு மண்ணுக்குள் ஆறுதலாகக் கிடந்து, பத்து நாளில் ஒன்றுக்கு மூன்றாக முளைக்கும். சின்ன அலவாங்கால் பக்கத்தில் குத்தி, கிழங்கோடு சேர்த்துத் தூக்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்வதற்குள் எனக்கு ஒரு வருடமும் இடது முழங்காலும் போய்விட்டன.

இஸ்ஹாக் ஹாஜியார், பக்கத்து வீட்டு சுல்பாவின் கிணறு விஷயமாக நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். ஒரு பக்கம் போதும் என்றீர்கள். பள்ளிவாசல் நிருவாக சபைக்கு அது போதுமாக இருக்கலாம். நான் முப்பத்தொரு வருடம் நில அளவைக் கந்தோரில் படம் வரைந்தவன். ஒரு கோடு எங்கே தொடங்குகிறது என்று காட்டாமல் எந்தப் படத்தையும் கொடுத்ததில்லை. இது என் புல்லில் தொடங்குகிறது.

பென்சன் எடுத்த வருடம் கொழும்பில் ஒரு வலீமாவுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் புல்தரை போட்டிருந்தார்கள். வந்தவர்களெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடந்தார்கள். புரியாணியை விட அந்தப் புல்தான் என் மனதில் நின்றது. தில்லையடிக்கு வந்து என் வளவைப் பார்த்தேன். சுட்ட மணல், இரண்டு தென்னை, என் மனைவி றம்லா வளர்த்த ஒரு முருங்கை. முருங்கையை அடுத்த நாளே வெட்டினேன். நிழல் விழுந்தால் புல் வளராது.

சிலாபம் பக்கத்திலிருந்து மலேசியன் புல் கொண்டுவந்து நாலு பேர்ச்சஸில், ஆயிரத்துச் சொச்சம் சதுர அடியில், பதித்தேன். புத்தளத்து மணலில், எட்டு மாதம் மழையில்லாத ஊரில், நாலு பேர்ச்சஸ் புல். ஊரில் அலைகிற கழுதைகள்கூட வாசல் வரை வந்து மோந்து பார்த்துவிட்டு வேறு வளவுக்குப் போயின. எனக்கு அப்போது அது புரியவில்லை. புல்லின் தரத்துக்குக் கழுதை மரியாதை கொடுக்கிறது என்று நினைத்தேன்.

முதல் மழையோடு களை வந்தது. கோரை, நெருஞ்சி, தொட்டாச்சிணுங்கி. நான் புல்தரையை அளந்து படம் வரைந்து, கட்டம் போட்டு, களை முளைத்த இடத்தையெல்லாம் சிவப்பு மையால் குறித்தேன். காலையில் முழங்காலுக்குக் கீழே ஸ்பொஞ்ச் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் போவேன். றம்லா குசினி யன்னலிலிருந்து சொன்னாள்:

"என்னப் பொண்ணு பாக்க வந்த நேரம் நீங்க இப்படிக் குனிஞ்சு பாக்கல்ல."

பகிடிதான். ஆனால் உண்மை. பெண் பார்க்கப் போன அன்று நான் அவர்கள் வீட்டு மதில் சரிந்திருந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்து நிறையக் கற்றேன். புல்லை ஒட்ட வெட்டக் கூடாது. கொஞ்சம் உயரமாக விட்டால் அதன் நிழலிலேயே களை விதை முளைக்காமல் போகும். தினமும் தெளிக்கக் கூடாது. கிழமைக்கு இரண்டு தரம், ஆழமாக, மண் குடிக்கக் குடிக்க விட வேண்டும். வெறும் மண் தெரிகிற இடம் களைக்குத் திறந்த வாசல். ஒன்றரை வருடத்தில் கோரை அடங்கியது. நெருஞ்சி ஒழிந்தது. என் படத்தில் சிவப்புப் புள்ளிகள் இருந்தன, ஆனால் எல்லாம் ஒரே ஓரத்தில். சுல்பாவின் வேலி ஓரம்.

அவரை உங்களுக்குத் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து விரட்டப்பட்டு வள்ளத்தில் வந்த சனத்தில் ஒருவர். அன்று பதினெட்டு வயதுக் குமரி. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களுக்கு நானும் சோற்றுச் சட்டி தூக்கியிருக்கிறேன். இதை யாரும் மறுக்க முடியாது. பிறகு கல்யாணம், இரண்டு பிள்ளைகள், புருஷனின் மவுத்து, எல்லாம் இந்த ஊரில்தான். ஆனாலும் ஊரில் அவர்களைப் பற்றிக் கதை வந்தால் நாங்கள் "வந்தவங்க" என்றுதான் சொல்வோம். முப்பது வருடமாக வந்துகொண்டே இருப்பவர்கள்.

புருஷன் போன பிறகு சுல்பா வளவு முழுக்கக் கீரை போட்டார். வல்லாரை, பொன்னாங்காணி. வேலியிலிருந்து எட்டடியில் அவருடைய கிணறு. நல்ல தண்ணீர், அந்த ஒழுங்கையில் நோன்பு திறக்கும் கஞ்சிக்கு அதில்தான் அள்ளுவார்கள். காலையில் கீரையைக் கட்டுக் கட்டி மகன் இன்ஷாபின் ஆட்டோவில் சந்தைக்கு அனுப்புவார். நல்ல உழைப்பாளி. அதை நான் எப்போதும் சொல்லி வந்திருக்கிறேன்.

வல்லாரையின் குணம் என்னவென்றால், அது வேலியைப் படிக்காது. கொடி தகரத்துக்கு அடியில் நுழைந்து, கணுவுக்குக் கணு வேர் விட்டு, என் புல்லுக்குள் கிடக்கும். அவர் கட்டுக் கட்டி விற்றதும் நான் பிடுங்கி எரித்ததும் ஒரே இலை. ஒரு நாள், என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற அவர், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"நானா, அத எரிக்காதீங்க. வெள்ளிக்கிழம காலையில நான் வந்து நுள்ளி எடுத்துக்கிறேன். ஒங்கட புல்லும் சுத்தமாகும், எங்கட கூடையும் நெறயும்."

இன்று யோசித்தால் அது நல்ல யோசனை. களைக்கு அதைவிட நல்ல வழி எந்த வீடியோவிலும் இல்லை. ஆனால் அவர் வந்தால் புல்லில் மிதிப்பார். "பரவாயில்ல சுல்பா, ஒங்களுக்கு ஏன் கஷ்டம்" என்று சொல்லிவிட்டேன்.

மதில் கட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கக் கூடும். நானும் யோசித்தேன். திடீரென்று மதில் எழுப்பினால் அவர் மனம் நோகும்.

களைநாசினி கடையில் கிடைக்காத வருடம் அது. உங்களுக்கு ஞாபகமிருக்கும், அரசாங்கத் தடை, உரமும் இல்லை, மருந்தும் இல்லை. ஒரு வீடியோவில் வெள்ளைக்காரர் ஒருவர் நடைபாதை இடுக்கில் உப்புப் போட்டுக் களையைக் கொன்றார். ஒரு பிடி உப்பு. அவருடைய ஊரில் அது கடையில் வாங்குகிற பொருள் போலும். நான் இருப்பது புத்தளத்தில். என் சாச்சியின் மகன் ஜௌபர் உப்பளத்தில் வேலை. மண் கலந்த கழிவு உப்புக் கேட்டேன். எட்டு மூட்டை கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். எதற்கென்று கேட்கவில்லை. கருவாடு போடப் போகிறேன் என்று நினைத்திருப்பான்.

வேலி நீளத்துக்கு ஒரு முழ ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, உப்பைக் கொட்டி, மேலே மணல் போட்டு மூடினேன். கயிறு கட்டி வெட்டியதால் வாய்க்கால் நேராக வந்தது. இரண்டு கிழமையில் வல்லாரை கருகியது. என் பக்கத்திலும் ஒரு அடிப் புல் மஞ்சளடித்தது. அதைத் தியாகமென்று எடுத்துக்கொண்டேன்.

இதுவரை என்மேல் குற்றம் சொல்ல முடியாது. மணலில் உப்பு இறங்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. ஒக்டோபர் மழைக்கு அது தோன்றியது.

மழை விட்ட ஒரு பின்னேரம் சுல்பா எங்களைத் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டார். மகள் இல்மா எலுவன்குளத்தில் வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று சந்தோஷம். நான் ஒரு வாய் குடித்தேன். நாக்கு நின்றது.

"சீனி கூடப் போட்டேன்" என்றார். "உவர் தெரியுதா நானா?"

"இல்லியே" என்றேன். கோப்பையை முழுக்கக் குடித்து வைத்தேன்.

அந்த ஒரு சொல்லைத்தான் நான் பிறகு அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். அப்போதே சொல்லியிருந்தால் வாய்க்காலைத் தோண்டி உப்பை அள்ளியிருக்கலாம். ஒரு நாள் வேலை. ஆனால் கீரைப் பாத்தியும் ஓரம் கருகத் தொடங்கியிருந்ததை நான் வரும்போதே பார்த்திருந்தேன். படம் வரைந்த நாளிலிருந்து முதல் தடவையாக அதில் ஒரு சிவப்புப் புள்ளியும் இல்லை. வீட்டுக்கு வந்து ஜௌபருக்கு ஃபோனில் கோல் எடுத்து, இன்னும் பன்னிரண்டு மூட்டை கேட்டேன். அதில் ஆறு மூட்டை அதே வாய்க்காலுக்குள் போனது.

ஊரில் கிணறு உவர்ப்பது புதினமில்லை. கடலோரக் களப்பின் உப்புத் தண்ணீர் நிலத்துக்குள் ஏறிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். நீங்களும் ஜும்ஆவுக்குப் பிறகு அறிவித்தீர்கள். சபைக்கு யாராவது விளக்கிச் சொன்னால் நல்லது என்று கேட்டபோது நான்தான் படம் வரைந்து தந்தேன்: களப்பு, நிலத்தடித் தண்ணீர், உப்பு உள்ளே வருகிற திசை. அந்தப் படம் உங்கள் ஃபைலில் இருக்கும். அம்புக்குறிகள் எல்லாம் நேராக இருக்கும். எடுத்துக் கிழித்துவிடுங்கள்.

தை மாதம் இல்மா பிள்ளைப்பேற்றுக்கு உம்மா வீட்டுக்கு வந்தாள். எங்கள் வீட்டில் குழாய்த் தண்ணீர். றம்லா காலையில் இரண்டு வாளி கொண்டுபோய்க் கொடுப்பாள். நான் தடுக்கவில்லை. புல்லுக்கு விடுகிற நாட்களில் மட்டும் குழாயில் வேகம் குறையும். அந்த நாட்களில் வாளி போகாது. கிழமைக்கு இரண்டு நாள்தான். அந்த இரண்டு நாளும் அவர்கள் கிணற்றில் அள்ளினார்கள்.

கிளினிக்கில் இல்மாவுக்குப் பிரஷர் கூட என்றார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். சுல்பா ஆணத்துக்கு உப்புப் போடுவதையே விட்டுவிட்டார். றம்லா வந்து சொன்னாள்: "பாவம், உப்பில்லாத சோறு தின்னுதுகள் மூணு பேரும்." நான் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். மெஷின் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்தேன்.

சித்திரையில் ஒரு கிழமை நல்ல மழை பெய்தது. இன்ஷாப் ஒரு பம்பை இரவல் வாங்கி மூன்று நாள் கிணற்றை இறைத்தான். ஊற்று புதிதாகச் சுரந்தது. சுல்பா வேலிக்கு மேலால் ஒரு கோப்பையை நீட்டினார்.

"குடிச்சுப் பாருங்க நானா. அரைவாசி நல்லாகிட்டு, அல்ஹம்துலில்லாஹ். அடுத்த மாசம் திரும்பக் கொடி நடப்போறேன்."

குடித்தேன். உண்மைதான், அரைவாசி நல்லாகியிருந்தது.

அடுத்த நாள் விடிய இல்மாவுக்குத் தலைசுற்று வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஏழு மாதம். தாயும் மகனும் ஆட்டோவில் கூடவே போனார்கள். போகும்போது சுல்பா றம்லாவிடம் கோழிகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். தீன் போட நானே போகிறேன் என்று றம்லாவிடம் சொன்னேன். லுஹர் தொழுகை நேரம். ஒழுங்கையில் ஆம்பிளைகள் எல்லாம் பள்ளிக்குப் போயிருந்தார்கள். கோழிகளுக்குத் தீன் போட்டேன். தண்ணீரும் வைத்தேன், குழாய்த் தண்ணீர், வீட்டிலிருந்து கொண்டுபோனது. பிறகு மிச்சமிருந்த ஆறு மூட்டை உப்பையும் தள்ளுவண்டியில் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கிணற்றுக்குள் கொட்டினேன்.

தண்ணீர் கொஞ்ச நேரம் கலங்கிக் கிடந்தது. குனிந்து பார்த்தேன். என் தலையில் தொப்பி இருந்தது. பள்ளிக்குப் போகத்தான் வெளிக்கிட்டிருந்தேன். ஜமாஅத் தவறிவிட்டது. வீட்டில் தொழுதேன்.

பின்னேரம் செய்தி வந்தது. பெண் பிள்ளை. உயிரில்லாமல் பிறந்ததாம். இல்மா தப்பிவிட்டாள். தண்ணீர்தான் காரணம் என்று எந்த டொக்டரும் சொல்லவில்லை. இதை வாசிக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். எத்தனையோ பேருக்குப் பிரஷர் வருகிறது. அடக்கத்துக்கு நானும் போனேன். சின்னக் குழி. ஒரு பக்கம் கொஞ்சம் கோணலாக வெட்டியிருந்தார்கள். நான் மண்வெட்டியை வாங்கிச் சரிசெய்தேன். இன்ஷாப் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

உப்பு மூட்டைச் சாக்குகளை நான் எறியவில்லை, கழுவிக் கொடியில் போட்டிருந்தேன். நல்ல சாக்கு. றம்லா ஒன்றை எடுத்து மடித்தவள், அதன் மடிப்பில் விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் உரச் சாக்கு என்றேன். அன்றிலிருந்து அவள் வாசலுக்குப் போக வேண்டுமென்றால் சுற்றிப் போவதில்லை. செருப்போடு புல்லின் குறுக்கே நடக்கிறாள்.

கிணறு முன்னைவிட மோசமாகியது. கீரை ஒன்றும் பிடிக்கவில்லை. கோழிகளும் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. ஆடி மாதம் சுல்பா, மகளுடைய புருஷன் வீட்டார் எலுவன்குளத்தில் கொடுத்த ஒரு துண்டுக் காணிக்குப் போக முடிவெடுத்தார். போகிற அன்று எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ஏதும் பிழ செஞ்சிருந்தா மன்னிச்சிருங்க நானா. அக்கம்பக்கம் இருந்தா நூறு இருக்கும். ஒங்கட புல்லுக்குள்ள எங்கட கொடி வந்து எவ்வளவு கரைச்சல் குடுத்திச்சு."

"அதெல்லாம் ஒண்டுமில்ல" என்றேன். நான் மன்னித்துவிட்டேன்.

"ஒரு ஊர விட்டு ஒரு தரம் வந்தாச்சு, ரெண்டாந்தரம் லேசா இருக்கும்னு நெனச்சேன்" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். பிறகு வேலிப் பக்கம் திரும்பி, "மழைக்குக் கிணறு நல்லாகிட்டா ஒரு கோல் எடுங்க. அன்டைக்கே வந்துருவோம்" என்றார். இலக்கத்தை என் ஃபோனில் அவரே பதிந்து தந்தார். வாக்குக் கொடுத்தேன்.

அந்த வருடக் கடைசியில் பெய்த மழை உங்களுக்குத் தெரியும். ஒழுங்கையெல்லாம் வெள்ளம். தை பிறந்து ஒரு காலையில் வாளி இறக்கி அள்ளிக் குடித்தேன். பழைய தண்ணீர். கஞ்சிக்கு அள்ளின அதே ருசி. இரண்டு வாளி அள்ளி ஓரத்தில் கருகிக் கிடந்த புல்லுக்கு ஊற்றிப் பார்த்தேன். ஒரு கிழமையில் பச்சை எடுத்தது. குழாய்த் தண்ணீரில் மருந்து போடுகிறார்கள், இளம் வேருக்கு ஆகாது. இந்தத் தண்ணீரில் ஒன்றும் இல்லை. சின்ன மோட்டர் ஒன்று வைத்து, வேலிக்கு அடியால் ஹோஸ் இழுத்தேன்.

போன கிழமை இன்ஷாப் வளவைப் பார்க்க வந்தவன் அந்த ஹோஸைக் கண்டான். கிணற்றில் ஒரு கை அள்ளிக் குடித்தான். என்னிடம் கத்தவில்லை. "எவ்வளவு நாளா மாமா?" என்று மட்டும் கேட்டான். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அதனால்தான் அவன் உங்களிடம் வந்தான், நீங்கள் என்னிடம் வந்தீர்கள். பதில் பத்து மாதம். உப்பைப் பற்றி அவன் கேட்கவில்லை, அவனுக்குத் தெரியாது. இதை வாசித்தால் தெரியும். வாசிக்கக் கொடுங்கள், நான் ஒளிக்கிற ஆள் இல்லை.

சுல்பாவுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லக் கூடாது என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. இலக்கத்தை எடுத்துப் பார்ப்பேன். ஓரத்துப் புல் இன்னும் கொஞ்சம் வேர் பிடிக்கட்டும் என்று வைத்துவிடுவேன். இப்போது நன்றாகவே பிடித்துவிட்டது. நீங்கள் வந்தால் பார்க்கலாம், ஒரு களை இல்லை.

ஆகவே அவர்கள் திரும்பி வருவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை, சந்தோஷம்தான். சபை சார்பில் ஒரு விஷயத்தை மட்டும் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்: கீரைப் பாத்தியை வேலியிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளிப் போடட்டும். அயல்வீட்டோடு வீணாக ஒரு மனக்கசப்பு வரக் கூடாது பாருங்கள்.

இப்படிக்கு,
மக்பூல்